நாலிலிருந்து மூன்றுக்கு

காலை ஆறு மணிக்கே மச்சினன் வந்துவிட்டான். வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் அவனுக்கு ஓய்வு. அந்த நாளையும் பிடுங்கிக்கொண்டோமே என்று வாத்தியாருக்கு உறுத்தியது. அதைவிட உறுத்தியது இன்னொன்று. இன்றைக்கு மாணவன் அவர்.

ஊரில் எல்லோருக்கும் அவர் வாத்தியார்தான். இருபத்து நான்கு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறார். உராய்வு, வேகம், விசை என்று கரும்பலகையில் படம் போட்டால் கடைசி பெஞ்சுக்கும் புரியும். பள்ளியின் ஏழு வேன்களுக்கும் அவர்தான் பொறுப்பு. 'வண்டி விஷயமா, வாத்தியாரைக் கேளு' என்பது அங்கே வழக்கமான பேச்சு.

மச்சினன் பஸ் டிரைவர். பதினாறு வருஷமாக மலைப்பாதை பஸ்தான். ஆனால் யாரிடமாவது அவனை அறிமுகப்படுத்த வேண்டி வந்தால் வாத்தியார், "போக்குவரத்துல இருக்கார்" என்பார். டிரைவர் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. மச்சினன் பக்கத்தில் நின்று தலையாட்டுவான். ஆட்கள் நகர்ந்த பிறகு, "ஆமா அத்தான், போக்குவரத்துல முன் ஸீட்ல இருக்கேன்" என்பான். கிண்டலா வருத்தமா என்று அவன் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

"டீயைக் குடிச்சுட்டுப் போங்க" என்று அவர் மனைவி இரண்டு டம்ளர்களையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு முறை நடந்தாள். வலது கை முழங்கை வரை மாவுக்கட்டில் இருந்தது.

ஐந்து வாரம் ஆகிறது. மலைப்பாதையில் இறங்கி வரும்போது மூன்றாவது வளைவில் கார் தடுப்புச் சுவரில் மோதியது. வாத்தியாருக்கு நெற்றியில் ஒரு கீறல். அவளுக்கு மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. அவள் தையல்காரி. முன்னறையில் இரண்டு மெஷின். இரண்டும் இப்போது போர்வை போர்த்திக் கிடந்தன. வெட்டிய துணியும் வெட்டாத துணியும் பைகளாகச் சுவரோரம் அடுக்கியிருந்தன. வந்து திருப்பி வாங்கிப் போனவர்கள் பாதி, பரவாயில்லை காத்திருக்கிறோம் என்றவர்கள் பாதி.

பிரேக் பிடிக்கவில்லை என்று வாத்தியார் சொன்னார். போலீஸ்காரரிடம் அதைத்தான் சொன்னார், எழுதியும் கொடுத்தார்; பிரின்சிபாலிடமும் அதைத்தான். விபத்துக்கு மூன்று நாள் முன்பு காருக்குப் பிரேக் பேட் மாற்றிக் கொடுத்தவர் பள்ளி வேன்களைப் பார்க்கிற மெக்கானிக். ஆகவே மிச்சத்தை ஊரே சொல்லிக்கொண்டது.

"மத்தியானம் மூணு மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்கார். கட்டைப் பிரிக்கணும்" என்றாள் தம்பியிடம். "உங்க அத்தான் ஒழுங்கா ஓட்டறார்னு நீ சொன்னா கார்ல போறேன். இல்லைன்னா பஸ்."

அவர் இருக்கும்போதே சொன்னாள். சாதாரணக் குரலில் சொன்னாள். வாத்தியார் டீயைப் பாதியில் வைத்துவிட்டுச் சாவியை எடுத்தார். மேஜையில் பள்ளியிலிருந்து வந்த கடிதம் இருந்தது. மெக்கானிக்கை வேன் வேலையிலிருந்து நிரந்தரமாக நீக்குகிற கடிதம். பொறுப்பாளர் கையெழுத்துக்காக நேற்று பிரின்சிபால் கொடுத்தனுப்பியது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் அவள் கண்ணில் பட வேண்டாம் என்று தோன்றியது.

* * *

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு நேர் ரோடு. காலையில் ஆள் நடமாட்டம் குறைவு. வாத்தியார் ஓட்ட, மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மேல போற கியர் எல்லாம் நல்லா போடறீங்க" என்றான். "இப்ப நாலுல இருக்கீங்க. மூணுக்கு வாங்க."

வாத்தியார் கிளட்சை மிதித்தார், கியர் கம்பியைத் தள்ளினார், கிளட்சை விட்டார். வண்டி தொண்டையில் எதையோ சிக்க வைத்துக்கொண்டதுபோல முன்னால் குனிந்து எழுந்தது. இருவர் தலையும் ஒன்றாக ஆடியது.

"எப்பவும் இப்படித்தானா?"

"டவுன்ல தேவைப்படறதில்லை. பிரேக் போட்டு நிறுத்திடுவேன். அப்புறம் ஒண்ணுல இருந்து ஆரம்பிப்பேன்."

"ஓ. நாலு, அப்புறம் நேரா ஒண்ணு. நடுவுல இருக்கறதெல்லாம் சும்மா அழகுக்கு வச்சிருக்காங்க."

வாத்தியாருக்குக் காது சூடாகியது. நாற்பத்தாறு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டவர் அவர். பயிற்சிப் பள்ளியில் பதினைந்து நாள், லைசென்ஸ், அவ்வளவுதான். அதற்குப் பிறகு தெரியாததை யாரிடமும் கேட்டதில்லை. கேட்கிற இடத்தில் அவர் இருந்ததும் இல்லை.

"இதுல என்ன நடக்குதுன்னா," என்று ஆரம்பித்தார், "நாலாம் கியர்ல இன்ஜினோட சுழற்சி வேகம் குறைவு. அதே வண்டி வேகத்துக்கு மூணாம் கியர்ல சுழற்சி அதிகமா இருக்கணும். அந்த வித்தியாசம்தான்..."

"சரியா சொல்றீங்க அத்தான். அந்த வித்தியாசத்தை யார் சரிக்கட்டறது?"

வாத்தியார் கியர் கம்பியைப் பார்த்தார்.

"நீங்க சரிக்கட்டலைன்னா சக்கரம் சரிக்கட்டும். சக்கரத்துக்குப் பிடிக்காது, அதான் உதைக்குது. நம்ம வலது கால் எதுக்கு இருக்கு? கிளட்ச் உள்ள இருக்கறப்ப ஆக்ஸிலரேட்டரை லேசா ஒரு தொடு தொடுங்க. இன்ஜின் 'ம்'னு ஒரு குரல் கொடுக்கும். அந்தக் குரல் இருக்கும்போதே கிளட்சை மெதுவா விடுங்க. அவ்வளவுதான்."

இருபத்து நான்கு வருஷப் பாடம் ஒரு 'ம்'மில் முடிந்துவிட்டது. வாத்தியார் முயன்றார். முதல் தடவை அளவுக்கு மேல் மிதித்து இன்ஜின் கத்தியது. இரண்டாவது தடவை குரல் அடங்கிய பிறகு கிளட்சை விட்டார். நாலாவது தடவை, ஐந்தாவது தடவை. மச்சினன் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்படலாம்.

"என் பஸ்ல நின்னுட்டு வர்றவங்களே நாப்பது பேர் இருப்பாங்க" என்றான். "நான் தப்பா கியரைக் குறைச்சா நாப்பது பேரும் என் மடியில வந்து உட்காருவாங்க. முதல் வருஷம் உட்கார்ந்திருக்காங்க. ஒரு அம்மா கூடையோட."

வாத்தியார் சிரித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து எதிரில் பள்ளி வேன் வந்தது. டீசல் போட்டுக்கொண்டு திரும்புகிற வேன். டிரைவர் அவரைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து ஜன்னலை இறக்கினார்.

"வணக்கம் சார். வண்டி பழகறீங்களா?"

"சே சே" என்றார் வாத்தியார் சட்டென்று. "வண்டியில ஏதோ சத்தம்னு மச்சான் பாக்கறார். இவர் போக்குவரத்துல இருக்கார்."

"ஆமாங்க" என்றான் மச்சினன், ஒரு நொடி கூடத் தாமதிக்காமல். "கியர் பாக்ஸ்ல சத்தம் வருது. அதான் ஓட்டச் சொல்லிப் பாக்கறேன்."

வேன் டிரைவர் வாத்தியார் பக்கம் குனிந்தார். "பாத்து சார். அந்த மெக்கானிக் கை வச்ச வண்டி. வேற என்னென்னத்தைக் கழட்டி விட்டானோ."

வேன் போய்விட்டது. காருக்குள் இரண்டு பேரும் முன்னால் இருந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் பொய்க்கு இன்னொருவன் இத்தனை லாவகமாக முட்டுக் கொடுத்ததில் வாத்தியாருக்குக் கூசியது. அவன் அதற்கு ஒரு பார்வை கூடப் பார்க்காததில் இன்னும் கூசியது.

"இப்ப மலைப்பாதைக்கு விடுங்க" என்றான் மச்சினன். "இறக்கத்துல ஒரு தடவை போட்டுப் பாத்துடலாம்."

* * *

முதல் வளைவு வரை ஏறித் திரும்பினார்கள். இறங்கும்போது வண்டி தானாகவே வேகம் பிடித்தது. ஐந்து வாரத்துக்குப் பிறகு இந்த இறக்கத்தில் முதல் முறை.

"இப்ப பிரேக்கைத் தொட்டு வேகத்தைக் குறைச்சுக்குங்க. அப்புறம் கிளட்ச். நாலுல இருந்து மூணு."

வாத்தியார் கம்பியை இறுக்கிப் பிடித்தார். தள்ளியபோது பிடித்த பிடியில் கம்பி மச்சினன் பக்கமாகச் சாய்ந்தது. பின்னால் இழுத்தார். கிளட்சை விட்டார்.

இன்ஜின் அலறியது. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல வண்டி முட்டித் திணறியது, டயர் கிறீச்சிட்டது. பயத்தில் அவர் கால் பிரேக்கில் போய் விழுந்தது. கார் ஒரு பக்கமாக வழுக்கி, ரோட்டோரக் கல்லுக்கு இரண்டடி முன்னால் நின்றது.

கியர் கம்பி இரண்டாம் கியரில் இருந்தது.

மச்சினன் கதவைத் திறந்து இறங்கினான். காருக்குப் பின்னால் போய் ரோட்டைப் பார்த்தான். வாத்தியாரும் இறங்கினார். தாரில் இரண்டு கறுப்புக் கோடுகள் புதிதாகக் கிடந்தன.

"அத்தான்," என்றான். "உங்களுக்கு விபத்து ஆன மறுநாள் நான் இந்த வழியா பஸ் ஓட்டிட்டுப் போனேன். மூணாவது வளைவுல இதே மாதிரி ரெண்டு கோடு இருந்துச்சு. இதைவிட நீளம்."

வாத்தியார் கோடுகளையே பார்த்தார்.

"பிரேக் பிடிக்காத வண்டி ரோட்டுல கோடு போடாது."

எந்த வகுப்பில் கேட்டாலும் வாத்தியாரே சொல்லக்கூடிய பதில் அது. சக்கரம் பூட்டிக்கொண்டால்தான் ரப்பர் தேயும். பத்தாம் வகுப்புப் பாடம்.

"உனக்கு அஞ்சு வாரமா தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் கேட்கலை?"

"அக்கா கேட்கலை. அடிபட்டவளே கேட்காதப்ப நான் எப்படிக் கேட்கறது?" மச்சினன் ரோட்டிலிருந்து பார்வையை எடுக்காமலே சொன்னான். "கேட்டா நீங்க என்கிட்டயும் அதையே சொல்லுவீங்க. அதைக் கேட்டுட்டு நான் உங்க வீட்டுல டீ குடிக்கணும். அதான் கேட்கலை."

வாத்தியாருக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. பயத்தில் வந்த வார்த்தை அது, யோசித்துச் சொன்ன பொய் அல்ல, போலீஸ்காரர் 'பிரேக் பிடிக்கலையா சார்' என்று அவராகவே கேட்டார், நான் ஆமாம் என்றேன். எல்லாமே உண்மை. ஆனால் மறுநாள் காரைப் பழுது பார்க்கக் கொடுத்தபோது, 'பிரேக்கைப் பிரிச்சுப் பார்க்க வேண்டாம், எல்லாத்தையும் புதுசா போட்டுடுங்க' என்று வேறொரு பட்டறையில் சொன்னாரே, அது யோசித்துச் சொன்னதுதான். அதை நினைத்ததும் வாயை மூடிக்கொண்டார்.

"ஏறுங்க" என்றான் மச்சினன். "தப்பு எங்கேன்னு தெரிஞ்சுடுச்சு. கம்பியைக் குரல்வளையைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கறீங்க. பிடிச்சா என் பக்கம்தான் சாயும், ரெண்டுலதான் விழும். கையைத் திறங்க. உள்ளங்கையால முன்னால தள்ளுங்க. நாலுக்கு நேர் எதிர்ல மூணு. கம்பி தானா போகும்."

அதன் பிறகு இரண்டு மணி நேரம் அந்த இறக்கத்திலேயே ஏறி ஏறி இறங்கினார்கள். கடைசி மூன்று தடவை மச்சினன் கண்ணை மூடிக்கொண்டான். எப்போது கியர் மாறியது என்று தனக்குத் தெரியக் கூடாது என்றான். மூன்றாவது தடவை கீழே வந்து நின்ற பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

"மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சு."

"அப்ப அக்காவைக் கூட்டிட்டுப் போகலாம்" என்றான்.

* * *

ஆஸ்பத்திரி மலைக்கு மேலே இருக்கிற ஊரில். மச்சினன் வரவில்லை, வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டான்.

கட்டுப் போட்டவர் அன்று இல்லை; வேறொரு டாக்டர் கட்டைப் பிரித்தார். உள்ளே இருந்த கை அவளுடையது மாதிரியே இல்லை. வெளுத்து, மெலிந்து, தோல் உரிந்து இருந்தது. "விரலை மடக்குங்க" என்றார் டாக்டர். பாதிதான் மடங்கியது. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்க்கச் சொன்னார். இரண்டுக்கும் நடுவே ஒரு நூல்கண்டு போகிற இடைவெளி நின்றது.

"கத்தரி பிடிக்கிற கை" என்றாள் அவள்.

"பயிற்சி கொடுத்தா வரும். மூணு மாசம், நாலு மாசம். முழுசா வருமான்னு இப்ப சொல்ல முடியாது." டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். "எப்படி ஆச்சு இது?"

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. பதிலை அவருக்கு விட்டுவிட்டுக் காத்திருக்கிற பார்வை.

"கார்..." என்றார் வாத்தியார். "சுவர்ல மோதிடுச்சு."

"ம். அடுத்த வாரம் வாங்க."

மோதிடுச்சு. காரே போய் மோதிக்கொண்டது. வெளியே மருந்து வரிசையில் நிற்கும்போது அந்த வார்த்தை அவர் வாயில் புளித்துக்கொண்டிருந்தது.

இறக்கத்தில் மூன்றாவது வளைவு வருவதற்கு முன்னால் அவள் இடது கையால் கதவுப் பிடியைப் பற்றினாள். கண்ணை மூடிக்கொண்டாள். வாத்தியார் பிரேக்கைத் தொட்டார், கிளட்சை மிதித்தார், கையைத் திறந்து கம்பியைத் தள்ளினார், வலது காலால் லேசாகத் தொட்டார். இன்ஜின் குரல் கொடுத்தது. கிளட்சை விட்டார். கார் ஒரு குலுக்கலும் இல்லாமல் வளைவில் நுழைந்து வெளியே வந்தது. சுவரில் புதுச் சிமெண்ட் பூசிய இடம் ஜன்னலோரம் கடந்து போனது.

"வளைவு தாண்டியாச்சா?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"தாண்டியாச்சு."

இவ்வளவுதானா என்று இருந்தது அவருக்கு. இவ்வளவுதான். இரண்டு நொடி வேலை. அன்றைக்கு இதே இடத்தில் அவள், 'கியரைக் குறைங்க, தம்பி இறக்கத்துல அப்படித்தான் செய்வான்' என்றாள். 'எனக்குத் தெரியும்' என்று அவர் எரிந்து விழுந்தார். தெரியாது என்று சொல்லியிருந்தால் ஓரமாக நிறுத்தியிருக்கலாம். மெதுவாக உருட்டிக்கொண்டே இறங்கியிருக்கலாம்.

அகலமான இடம் பார்த்துக் காரை நிறுத்தினார்.

"அன்னைக்குப் பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். "நான்தான்..."

"எனக்கு எதுக்குச் சொல்றீங்க? நான் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன்."

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வாரம் மெக்கானிக்கோட மனைவி வந்தாங்க. தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்க" என்றாள் அவள். "துணியை வாங்கிட்டு வாசல்ல நின்னு, 'அக்கா, எங்க வீட்டுக்காரர் பிரேக் விஷயத்துல விளையாட மாட்டார்க்கா'ன்னு சொன்னாங்க. சண்டைக்கு இல்லை, கெஞ்சற மாதிரி. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? கீழே பாத்துக்கிட்டு நின்னேன். பொய் சொன்னது நீங்க மட்டும் இல்லை. கேக்கறவங்க எல்லாம் என் கையைப் பாத்துட்டு உங்களை நம்பினாங்க. நானும் அந்தக் கையைக் காட்டிக்கிட்டுத்தான் நின்னேன்."

"நீ ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஒரு நாள், ரெண்டு நாள். அப்புறம் அஞ்சு வாரம் ஆயிடுச்சு." கட்டுப் பிரித்த கையை மடியில் வைத்து இன்னொரு கையால் மூடிக்கொண்டாள். "பட்டறை கீழேதானே இருக்கு. போங்க."

* * *

மலையடிவாரத்தில், ரோட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட பட்டறை. முன்பெல்லாம் வாசலில் நாலு வண்டியாவது வரிசையில் நிற்கும். இப்போது ஒரே ஒரு பழைய சரக்கு வண்டி நின்றது. இரண்டு வேலையாட்கள் இருந்தார்கள், இருவரையும் காணோம். மெக்கானிக் ஒரு பெட்டி நிறைய நட்டு போல்ட்டைக் கொட்டி வைத்துக்கொண்டு அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். வேலை இல்லாத மனிதன் செய்கிற வேலை.

வாத்தியாரைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தார்.

"வாங்க சார். அக்காவுக்குக் கை எப்படி இருக்கு?"

"கட்டைப் பிரிச்சாச்சு. நான் ஒரு விஷயம்..."

"நானே உங்களைப் பாக்க வரணும்னு இருந்தேன் சார். ரெண்டு தடவை உங்க தெரு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்." மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். கையில் அழுக்கு எதுவும் இல்லை. "முதல்ல எனக்குக் கோவம்தான் சார் வந்துச்சு. என் வேலை எனக்குத் தெரியாதான்னு. அப்புறம் நீங்க சொன்னா சும்மா சொல்ல மாட்டீங்களேன்னு தோணுச்சு. அன்னைக்கு நான் என்ன செஞ்சேன்னு ஒவ்வொண்ணா யோசிச்சுப் பாத்தேன். பேட் போட்டேன், கிளிப் மாட்டினேன், போல்ட் முறுக்கினேன். முறுக்கும்போது ஒரு போன் வந்துச்சு சார். பேசிட்டு வந்து மறுபடி முறுக்கினேனா இல்லையா, அது மட்டும் ஞாபகம் வர மாட்டேங்குது."

"கேளுங்க..."

"அதுலதான் தப்பு நடந்திருக்கணும். அக்காகிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க. இப்ப பிரேக் வேலை நான் எடுக்கறதே இல்லை சார். இதோ இந்த வண்டிக்காரர் பழகினவர், விட்டுட்டுப் போயிருக்கார். மூணு நாளா நிக்குது. வீலைக் கழட்டப் போனா கை ஒரு மாதிரி ஆடுது. பத்தொம்பது வருஷமா செய்யற வேலை."

வாத்தியார் நினைத்து வந்ததெல்லாம் வேறு. மெக்கானிக் கத்துவார், திட்டுவார், ஊர் கூடும், தலைகுனிந்து நிற்போம் என்றுதான் நினைத்து வந்தார். தான் சொன்ன பொய்யை இந்த மனிதர் நம்பியிருப்பார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் வேலையை எடுத்துவிட்டோம் என்று தெரியும். அவர் கையையே அவரிடமிருந்து எடுத்துவிட்டோம் என்று இப்போதுதான் தெரிந்தது.

"உங்க மேல தப்பு இல்லை" என்றார். "பிரேக் ஃபெயில் ஆகலை. நான் சொன்னது பொய்."

மெக்கானிக் துடைப்பதை நிறுத்தினார்.

"நாலாம் கியர்ல இறங்கிட்டு இருந்தேன். மூணு போடத் தெரியாம ரெண்டுல போட்டேன்."

"நாலுல இருந்து ரெண்டா?"

"ஆமா."

"என்ன வேகம்?"

"எழுபது இருக்கும்."

"கிளட்சைச் சட்டுனு விட்டுட்டீங்களா?"

"ஆமா. வண்டி உதைச்சுது. பயந்து பிரேக்கை மிதிச்சேன்."

"பிடிச்சுதா?"

வாத்தியார் ஒரு கணம் தயங்கினார்.

"பிடிச்சுதா சார்?"

"பிடிச்சுது. நல்லா பிடிச்சுது. வண்டி கோடு போட்டு வழுக்குச்சு."

மெக்கானிக் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி ஏதோ இரவல் வாங்கியவற்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கியர் குறைக்கத் தெரியாதுன்னு சொல்றதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டா சார் இவ்வளவும்?"

"ஆமா" என்றார் வாத்தியார்.

காரின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவர் மனைவி இறங்கி வந்தாள். "எனக்கும் தெரியும்ண்ணே" என்றாள் மெக்கானிக்கிடம். "முதல் நாள்ல இருந்தே தெரியும். உங்க வீட்டம்மா எங்க வாசல்ல வந்து நின்னப்பகூட நான் சொல்லலை."

மெக்கானிக் அவள் கையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் இப்ப போயிடுங்க" என்றார். "நான் ஏதாவது சொல்லிடுவேன். அக்கா கையைப் பாத்துட்டு சொல்ல முடியலை. போயிடுங்க."

* * *

காருக்கு வந்ததும் வாத்தியார் சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்தார். மனைவி அதை முழுக்கப் படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அவர் பிரின்சிபாலுக்குப் போன் செய்தார்.

"சார், அந்தக் கடிதத்துல நான் கையெழுத்துப் போடலை. போட மாட்டேன். பிரேக் விஷயத்துல நான் உங்ககிட்ட சொன்னது உண்மை இல்லை. தப்பு என் ஓட்டுறதுல. நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

அந்தப் பக்கம் நீண்ட அமைதி. வாத்தியார் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். இந்த அமைதிக்குப் பயந்துதான் ஐந்து வாரம் ஓடியது. இப்போது அது வந்து நின்றபோது, எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது.

"கடிதத்தை விடுங்க" என்றார் பிரின்சிபால் கடைசியில். "அது வெறும் காகிதம். கிழிச்சுப் போட்டுடலாம். நேத்து மத்தியானம் நிர்வாகக் குழுவுல இருந்து போலீஸ்ல புகார் கொடுத்திருக்காங்க. குழந்தைங்க போற வேனைப் பாக்கறவர் அலட்சியமா வேலை செஞ்சார்னு. ஆதாரம்னு கொடுத்தது நீங்க விபத்தன்னைக்கு எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தைத்தான். உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

"இல்லை சார்."

"நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு அவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்காங்க. இன்னிக்குச் சாயங்காலம் ஆள் போய்ச் சொல்லும். நீங்க இப்ப மாத்திச் சொன்னா, பொய் வாக்குமூலம் கொடுத்தது நீங்கன்னு ஆகும். புரியுதா உங்களுக்கு? யோசிச்சுச் செய்யுங்க."

போன் அணைந்தது. அவர் சொன்னதை மனைவியும் கேட்டிருந்தாள்.

"அந்த அண்ணனுக்குத் தெரியாதா?" என்றாள்.

"தெரியாது."

"ஆள் வந்து சொல்றதுக்கு முன்னாடி நாம சொல்லிடணும்."

வாத்தியார் இறங்கினார். பத்தடிதான் தூரம். பட்டறைக்குள் மெக்கானிக் அந்தச் சரக்கு வண்டியின் முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கியிருந்தார். வீலைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார். தரையில் மண்டி போட்டு, போல்ட்டை விரலால் முதலில் சுற்றிப் பார்த்து, பிறகு ஸ்பேனரை வைத்து முறுக்கிக்கொண்டிருந்தார். கை ஆடவில்லை. வாய்க்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

வாத்தியார் வாசலில் நின்றார். அவர் எண்ணி முடிக்கட்டும் என்று காத்திருந்தார். தெருமுனையில் ஒரு பைக் திரும்பி, பட்டறையை நோக்கி மெதுவாக வந்துகொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் காக்கிச் சட்டை போட்டிருந்தார்.